வாடிய துளசி மீண்டும் தளிர்க்க

கோயில் வாசல் பூக்கடையிலோ நாற்றுப் பண்ணையிலோ ஆசையாய் வாங்கி வந்து மாடத்தில் வைத்த துளசி, இரண்டு வாரத்தில் இலையுதிர்த்து நிற்கிறது. "குடும்பத்துக்கு என்ன வரப்போகிறதோ!" என்று பெரியோர் பலர் கலங்கிவிடுகின்றனர். அக்கலக்கம் வேண்டா. சகுனம் பார்க்குமுன் வேரைப் பார்ப்பது நலம்.

விற்பனைக்கு வரும் கன்றுகள் பெரும்பாலும் நிழல்வலையின் கீழ், கறுப்புப் பைகளில், இறுகிய மண்ணில் வளர்ந்தவை. திடீரென்று உச்சி வெயிலைத் தாங்கா. போதாக்குறைக்கு நம் பக்தியும் சேர்ந்துகொள்கிறது. பாட்டி ஒரு செம்பு நீர், மருமகள் ஒரு செம்பு, வலம் வரும் பேரப்பிள்ளை ஒரு செம்பு! அடியில் துளையில்லாத தொட்டியில் வேர் அழுகாமல் என்ன செய்யும்? பாலும் மஞ்சள் நீரும் வேரில் ஊற்றுவதைத் தவிர்க்கலாம். குங்குமத்தை மாடத்துக்கு இட்டால் போதும். அகல் சுடரும் இலைகளைத் தீய்க்காத தொலைவில் இருக்கட்டும்.

செடியில் உயிர் இருக்கிறதா என்று அறிய, தண்டை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். துளசியில் நகம் படலாகாது என்பது மரபு. ஆதலால் சிறு கத்தி முனையே தகும். தோலின் கீழ்ப் பச்சை தெரிந்தால் பிழைக்கும். காய்ந்த கிளைகளைப் பச்சை தெரியுமிடம் வரை நறுக்குங்கள். செடியை மண்ணோடு எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை நீக்குங்கள். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மட்கிய சாண எரு கலந்து, துளையுள்ள தொட்டியில் நடுங்கள். துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லை வைத்தால் மண் அடைக்காது. ஒரு வாரம் வெளிச்சமுள்ள நிழல். பின்னர் இளங்காலை வெயில். அதன்பின் சிறிது சிறிதாகக் கூட்டலாம். விரலை ஓரங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர். நாள்தோறும் நீர் வார்க்கும் நியமமுடையோர் ஓர் உத்தரணி அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதிர்களைக் கிள்ளப் பலர் தயங்குவர். விதை முற்றினால் செடி தளர்ந்துபோகும். இளங்கதிரைக் கொய்து பெருமாளுக்குச் சாத்துங்கள், பக்கத்தில் தளிர்கள் வெடிக்கும். ஒரே ஒரு கதிரை மட்டும் விதைக்கென விட்டுவையுங்கள்.

மண்ணைக் கிளறுவது பூசையில் சேருமா என்று கேட்பாருண்டு. நந்தவனம் பேணுவதையே கைங்கரியமாகக் கொண்டவர் பெரியாழ்வார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் ஆண்டாளைக் கண்டெடுத்ததும் துளசிச் செடியினருகில்தான்.

அடிவரை பழுப்பேறியிருந்தால் அச்செடியின் காலம் முடிந்தது. தொட்டித் துளசிக்குச் சில ஆண்டுகளே ஆயுள். அதன் கட்டையிலிருந்துதான் துளசிமணி கடைகிறார்கள். குப்பையில் எறியாமல் ஏதேனும் மரத்தடியில் சேர்த்துவிடுங்கள். எடுத்துவைத்த விதையை அதே மாடத்தில் தூவி, மேலே மெல்லிய மண் போர்த்தி, நீர் தெளித்து வாருங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கடுகளவு இலைகள் இரண்டிரண்டாய்த் தலைகாட்டும்.