தொப்பி கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத் தேர் நகரும்போது, காது மந்தமான சிலருக்குத் தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அதிர்வு நன்றாகவே கேட்கும். பக்கத்தில் நிற்பவர் "சாமி வருது, தள்ளி நில்லுங்க" என்றால்தான் விளங்காது. தாழ்ந்த ஒலி மிஞ்சி, உயர்ந்த ஒலி போய்விட்ட காது அது. 'ச', 'ஸ' எல்லாம் உயர்ந்த அதிர்வெண்காரர்கள். அவை விழாவிட்டால் பேச்சு வெறும் முனகல்.

உட்காதில் நத்தை ஓடுபோல் இரண்டே முக்கால் சுற்றுச் சுருண்ட கொக்லியாவில், வாசலோரத்து மயிர்க்கலங்கள் உயர்ந்த ஒலியையும் உச்சியில் உள்ளவை தாழ்ந்த ஒலியையும் வாங்குகின்றன. பெரும்பாலும் வாசலோரம்தான் முதலில் பழுதாகும். செத்த மயிர்க்கலம் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

மெல்பேர்னில் மருத்துவர் கிரேம் கிளார்க் 1978இல், மயிர்க்கலங்களுக்குப் பதிலாகச் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும், பல மின்முனைகள் கொண்ட கொக்லியர் இம்பிளான்டைப் பொருத்தினார். அதற்கு முன் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லிதழை நுழைத்துப் பார்த்திருக்கிறார்: அடி விறைப்பும் நுனி நெகிழ்வுமாக இருந்ததால் அது சுருளுக்குள் ஏறியது. அப்போது இக்கருவி முழுச் செவிடருக்கே. உள்ளே எது கிழிந்தாலும் இழக்க ஒன்றுமில்லை. 1999இல் பிராங்க்பர்ட்டில் ஃபொன் இல்பெர்க் குழு, ஒரே காதில் உயர்ந்த ஒலியை மின்சாரத்தாலும் தாழ்ந்த ஒலியை இயல்பான செவியாலும் கேட்க வைக்கலாம் என்று காட்டியது. அதன்பின் மிச்சச் செவிக்கு மதிப்பு வந்தது. மின்முனை பேச்சைத் தரும். சுருதியைச் சரியாகத் தராது. சந்தை இரைச்சலில் ஒரு குரலைப் பிரித்தறியவும் அந்த மிச்சம் கைகொடுக்கும்.

அதனால் அறுவை மெதுவாகிவிட்டது. ட்ரில் இரைச்சலே மயிர்க்கலத்தைக் கெடுக்கும் என்பதால் எலும்பை அளவாகவே துளைக்கிறார்கள். ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தைத் தடுக்கிறார்கள். கொக்லியாவின் வாசலிலுள்ள வட்டச் சாளரச் சவ்வை ஊசியால் கீறியதும் உறிஞ்சிக் குழாயை அருகே விடமாட்டார்கள். உள்ளிருக்கும் திரவம் மொத்தமே ஓரிரு சொட்டு. இரத்தமும் எலும்புத்தூளும் உள்ளே போகக்கூடாது. மெல்லிய மின்முனைக் கம்பியைக் கை நடுங்காமல் மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். சில அரங்குகளில் மயக்கத்தில் இருப்பவரின் காதில் ஒலி எழுப்பி, மயிர்க்கலங்கள் தரும் மின்பதிலை அதே கம்பியால் பதிவுசெய்கிறார்கள். பதில் சட்டென்று தளர்ந்தால் மருத்துவர் நிறுத்துவார், சற்றுப் பின்னிழுப்பார்.

இத்தனைக்குப் பிறகும் காத்த செவி சில மாதங்களிலோ வருடங்களிலோ மங்கிவிடலாம். குட்டைக் கம்பி செவியை அதிகம் காக்கும், ஆனால் செவி பின்னர் போய்விட்டால் உட்சுருளை எட்டாது. நீண்ட கம்பி எட்டும், ஆபத்தும் கூடும். என்னைக் கேட்டால், எதை எடுப்பது என்பதை செவித்திறன் வரைபடமான ஓடியோகிராமைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.