செம்பருத்தியை நாடி வரும் சின்னஞ்சிறு விருந்தாளி

ஹம்மிங் பறவை நம் நாட்டுப் பறவை அன்று. இதை முதற்கண் சொல்லிவிடுவது நலம். ஏனெனில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் செய்யாற்றின் அருகே அமைந்த கலசப்பாக்கத்தில், குடியிருப்பு வீதி ஒன்றின் செம்பருத்திச் செடியருகே சிறு பறவையொன்று சிறகடித்து நிற்பதைக் கண்ட மாணவர் சிலர், அரியதோர் ஹம்மிங் பறவை தங்கள் தெருவிற்கு வந்துவிட்டதென நம்மிடம் பெருமகிழ்ச்சியோடு கூறினர். அடுத்த வீட்டுப் பாட்டியோ, "அது தேன்சிட்டு அப்பா! நான் சிறுபிள்ளையாய் இருந்த காலந்தொட்டு வருகிறதே" என்று முடித்துவிட்டார். பாட்டியின் கூற்றே சரி.

ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. வடக்கே அலாஸ்கா முதல் தென் அமெரிக்காவின் தென்முனை வரை 350-க்கும் மேற்பட்ட இனங்கள் அங்கு வாழ்கின்றன. கியூபாத் தீவில் உள்ள ஓர் இனத்தின் எடை ஏறத்தாழ 2 கிராமே. உலகின் மிகச் சிறிய பறவை அதுதான். தோள்மூட்டிலிருந்தே சிறகைச் சுழற்றி வீசுவதால், அவை அந்தரத்தில் அசையாது நின்று தேன் உறிஞ்சும், பின்னோக்கியும் பறக்கும். ஜெர்மனியில் கிடைத்த, சுமார் 3 கோடி ஆண்டுப் பழமையுள்ள புதைபடிவங்களைப் பற்றி 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, ஒருகாலத்தில் ஐரோப்பாவிலும் அவை வாழ்ந்தன என்று காட்டியது. இன்று அமெரிக்காவிற்கு வெளியே அவற்றைக் காண இயலாது.

வியப்பு யாதெனில், அவற்றின் நெருங்கிய உறவினர் தேன்சிட்டு அல்லர். நம் பனைமரங்களைச் சுற்றி மாலையில் வட்டமிடும் பனை உழவாரன் இருக்கிறதே, அதன் குடும்பமே ஹம்மிங் பறவைக்குக் கிட்டிய உறவு! தேன்சிட்டு வேறொரு குலம். பூவில் தேன் குடிக்கும் தொழில் ஒன்றே ஆகையால், இரண்டிற்கும் நீண்ட மூக்கும் மின்னும் இறகும் வாய்த்தன. தேன்சிட்டும் சிறிதுநேரம் அந்தரத்தில் நிற்கும். ஆயினும் காம்பிலோ கிளையிலோ அமர்ந்து குடிப்பதே அதன் வழக்கம். செம்பருத்தியின் வாயில் நுழையாமல், பூவின் அடியைத் துளைத்துத் தேனைத் திருடிச் செல்லும் தந்திரமும் அதற்குத் தெரியும்.

நம் பகுதி வீடுகளில் காணக்கூடியவை பெரும்பாலும் மூன்று இனங்கள். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் வயிறு மஞ்சள். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாய் ஒளிரும்; அது முடிந்ததும் மங்கிய மஞ்சளாகி, தொண்டை முதல் வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் எஞ்சும். ஒரே பறவையை இரண்டென எண்ணுவோர் பலர். வண்டியின் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு எதிரியென்று கொத்துவதும் இதுவே. மூன்றாவது, மூக்கு மிக நீண்டு வளைந்த லோட்டன் தேன்சிட்டு. 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராயிருந்த லோட்டனின் பெயரை 1766-இல் லின்னேயஸ் அதற்குச் சூட்டினார்.

அந்தி வேளையில் பூவின் முன் ரீங்காரத்தோடு நிற்பது பறவையே அன்று. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட ஒருவகை அந்துப்பூச்சியாகவும் இருக்கலாம். தலையில் உணர்கொம்பு தெரிந்தால் ஐயம் தீர்ந்தது.

எனினும் பெயரைத் திருத்துவதைவிட நமக்கு முதன்மையாய்த் தோன்றுவது அதன் கூடு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு வாழ்வது காட்டில் மட்டுமன்று, நம் தாழ்வாரத்திலும். துணிக்கொடி, மின்கம்பி, மல்லிகைக்கொடி எதிலும் பெண்பறவை கூடு தொங்கவிடும். சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்து, மேலே மரப்பட்டைத் துணுக்குகளையும் புழுவின் எச்சத்தையும் ஒட்டிவிடுவதால், பார்வைக்கு அது வெறுங்குப்பையே! பகைவரின் கண்ணுக்குத் தப்பும் இவ்வேடமே நம் துடைப்பத்திற்கு அதை இரையாக்குகிறது. திருவிழாவிற்கும் கிறிஸ்து பிறப்பிற்கும் நாம் ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கும்போது இத்தகைய கூடுகள் அகற்றப்படுவதைக் கண்டிருக்கிறோம். இரண்டு காசுக் குருவிகளையும் மறவாத தந்தையைப் பற்றி ஞாயிறு திருப்பலியில் கேட்டுவிட்டு, திங்களன்று துடைப்பத்தை எடுப்பது நமக்குப் பொருந்துமா? அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராகப் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1979-இல் அறிவித்ததும் நம் நினைவிற்கு வரட்டும்.

செய்ய வேண்டியது மிகச் சிறிது. பெரும்பாலும் இடப்படும் முட்டைகள் இரண்டு. அடைகாக்க இரு வாரமும், குஞ்சுகள் பறக்க மேலும் இரண்டரை வாரமும் ஆகும். அதுவரை அந்தக் கிளையைக் கழிக்காதீர். நிழற்படம் எடுக்க நெருங்கி நிற்காதீர். செடிக்குப் பூச்சிமருந்தும் வேண்டாம், குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவது பூச்சியையும் சிலந்தியையுமே. சர்க்கரைநீர் வைக்கத் தேவையில்லை. ஒரு செம்பருத்தியும் ஒரு முருங்கையும் போதும். குஞ்சுகள் பறந்தபின்னும் கூட்டைச் சிலகாலம் விட்டுவையுங்கள். பழைய கூட்டிலேயே மறுமுறை முட்டையிடுவதும் உண்டு.