சீனியும் உப்பும் ஒரு லீற்றர் நீரும்

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகம் போகும் என்று இடம்பெயர்ந்த தாய்மார் சிலர் நம்மிடம் கூறுவதுண்டு. இது ஆபத்தான எண்ணம். வயிற்றோட்டத்தில் பிள்ளைகள் இறப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதனாலேயே. இதற்கான மருந்தை விளங்கிக்கொள்ள, குளுக்கோசு என்னும் எளிய வெல்லத்தைப் பற்றி அறிந்திருத்தல் நன்று.

காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6 அணுக்கள் சேர்ந்தது ஒரு குளுக்கோசு மூலக்கூறு. திரியாய் வயலில் நிற்கும் நெற்பயிர், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் உறிஞ்சிய நீரையும் கொண்டு வெயிலின் சக்தியால் இதனை ஆக்குகின்றது. பல மூலக்கூறுகளை ஒரு விதமாகக் கோத்தால் அது அரிசியின் மாப்பொருள். வேறு விதமாகக் கோத்தால் வைக்கோலின் செலுலோசு. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலைப் பிரிக்கும். நம் குடலால் அது இயலாது. சோற்றையோ நம் குடல் மீண்டும் குளுக்கோசாகப் பிரித்து விடுகின்றது. உடலின் கலங்கள் அதனை ஒட்சிசனுடன் சேர்த்துச் சக்தி பெறுகின்றன.

சிறுகுடலின் சுவரிலே குளுக்கோசும் உப்பிலுள்ள சோடியமும் சோடியாகவே நுழையும் வாசல் ஒன்று உண்டு. இவை உள்ளே சென்றால் நீரும் பின்னால் செல்லும். ரொபேட் கிறேன் என்னும் விஞ்ஞானி இதனை 1960இல் பிராக் நகரில் எடுத்துரைத்தார். கொலரா போன்ற நோயிலும் இந்த வாசல் மூடுவதில்லை. வெறும் நீர் போதாமைக்குக் காரணம் இதுவே.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த அகதிகளிடையே, மேற்கு வங்கத்துப் பங்கானில் கொலரா பரவியது. ஏற்றுவதற்குச் சேலைன் போதவில்லை. வைத்தியர் திலீப் மகலநபிஸ் குளுக்கோசு, உப்பு, அப்பச்சோடா மூன்றையும் நீரில் கரைத்து வாயால் பருக்குவித்தார். கொடுத்தவர்களுட் பலர் தாதியர் அல்லர், நோயாளரின் உறவினரே. நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் 3.6 ஆகக் குறைந்தது. நம்மைப் போல் வீடுவாசல் விட்டு வந்த மக்களிடையே நிரூபிக்கப்பட்ட மருந்து இது.

நம் நாட்டில் இது ஜீவனி என்ற பெயரில் கிடைக்கின்றது. ஒரு லீற்றருக்கான பைக்கற்றைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதும் கரைக்கவும். சாராயப் போத்தல் 750 மில்லிலீற்றர்தான். அதனால் அளந்தால் கரைசல் கடுமையாகிவிடும். பைக்கற் இல்லையேல், ஒரு லீற்றருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சீனியைக் கூட்ட வேண்டாம். மிகையான இனிப்பு நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். சோடாவும் இதற்கு உதவாது. உப்பிட்ட கஞ்சி நல்லது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடரவும். 24 மணி நேரத்தில் மிஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கவும். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை குடிக்க இயலாமற் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும். குடிக்கக்கூடிய பிள்ளையாயின் வழியிலும் கொடுத்துக்கொண்டே செல்லவும்.