உங்களுக்குத் தெரியுமா?

2005 ஜூனில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், தன் ஊழியர்களுக்குத் தரும் சலுகை விலையிலேயே எல்லோருக்கும் கார் விற்பதாக அறிவித்தது. அந்த மாத விற்பனை, முந்தைய ஆண்டின் ஜூனைவிட 41 சதவீதம் உயர்ந்தது! ஜூலையில் ஃபோர்டும் கிரைஸ்லரும் அதே வழியில் இறங்கின.

வியப்பு இனிமேல்தான். விற்பனை விவரங்களைப் பின்னர் அலசிய பொருளியல் ஆய்வாளர்கள் கண்டது: அறிவிப்புக்கு முன்பே பெரும் தள்ளுபடிகள் நடப்பில் இருந்தன, சில வாரம் முன்னால் வாங்கியிருந்தால் பலருக்கு இன்னும் மலிவாகவே கிடைத்திருக்கும். ஆனால் கார் விலை பேரம் பேசி முடிவாவது. வாங்குவதோ எப்போதாவது ஒருமுறை. நியாய விலை எதுவென்று தெரியாதவருக்கு ‘ஊழியர் விலை’ என்ற சொல்லே போதுமான உத்தரவாதமாகிவிட்டது.

சலுகையின் பெயரைப் பார்க்காதீர்கள். கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை நான்கு இடங்களில் விசாரித்து ஒப்பிடுங்கள்.