காதா, காரா?

போன வருஷம் அப்பாவுக்கு நாற்பதாயிரம் ரூபாயில் காது மெஷின் வாங்குவதாக இருந்தோம். கடைசியில் பார்த்தால் பழுதில் பெரும்பகுதி அவர் காதில் இல்லை, காரின் கதவுக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடித்த கதையையும், அந்தச் சாக்கில் தெரிந்துகொண்ட விஷயங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உதவலாம்.

கார் 2004 மாடல். வாங்கும்போதே அதில் இருந்த கேசட் - எஃப்.எம். செட்தான் இன்றைக்கும் ஓடுகிறது. முன் கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர், பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் இரண்டு. அப்பா மதுரையில் இருக்கிறார். சாவியைத் திருப்பினால் கொடைக்கானல் எஃப்.எம். 100.5 பாடியாக வேண்டும். நான் ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் டிஸ்ப்ளேயில் வால்யூம் எண் கூடியிருக்கும். 15-ல் கேட்டுக்கொண்டிருந்தவர் 22-க்குப் போனார், அப்புறம் 28. பின் சீட்டில் அம்மாவுக்குத் தலைவலி. கேட்டால், "பாட்டு கேக்குதுடா, வார்த்தைதான் புரியல" என்பார். அவருக்கு வயசு 74. அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை, காது போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டோம்.

காதைப் பரிசோதித்தார்கள். வயதானால் வரும் லேசான குறை, கீச்சுக் குரலுக்குரிய உயர் அதிர்வெண்களில் மட்டும். டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "வீட்ல டிவியை எவ்ளோ சத்தமா வைப்பாரு?" அப்போதுதான் உறைத்தது. வீட்டில் அவர் சத்தமாக வைப்பதே இல்லை. பிழை தேடுவதுதான் என் பிழைப்பு, ஆனாலும் இதைக் கவனிக்கவில்லை. ஒரே ஆள், ஒரே காது. ஒரு இடத்தில் மட்டும் தகராறு என்றால் தேட வேண்டியது அந்த இடத்தில்தானே?

எது செத்தது?

பழைய காரில் சத்தம் சரியில்லை என்றால் நாம் நேராக செட்டைத்தான் சந்தேகப்படுவோம். சங்கிலியில் நாலு கண்ணிகள் உண்டு: கரன்ட் வரும் வழி, செட், வயர், ஸ்பீக்கர். எது போனது என்று கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் செட்டில் இருக்கும் பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் மூலைக்கு மூலை தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனியாகப் பாடும். எங்கள் காரில் பின்னால் இரண்டும் பாடின. முன் இடது ஊமை. முன் வலது கரகரவென்று இருமியது.

அடுத்து கதவின் உள்பலகையைக் கழற்றி ஸ்பீக்கரை வயரிலிருந்து பிரித்தேன். 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தால், காயில் உயிரோடு இருந்தால் "டப்" என்று சத்தம் வரும். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே தள்ளும். எது பிளஸ் என்று குறி அழிந்துபோன பழைய ஸ்பீக்கரில் அதைக் கண்டுபிடிக்கவும் இதே வழிதான். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 அல்லது 3.5 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது.

இடது ஸ்பீக்கர் "டப்" என்றது! அப்படியானால் குற்றவாளி வயர். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் வழியாக வயர்கள் போகும். கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அவை மடங்கி நிமிர்கின்றன. இருபது வருஷ மடிப்பில் செம்பு இழைகள் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தன. மேலே இருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்ததால் வெளியே பார்த்துத் தெரியாது. வலது பக்கம் வேறு கதை. கோனைச் சுற்றியிருந்த ஃபோம் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. ஃபோம் காற்றின் ஈரத்திலும் வெயில் சூட்டிலும் மக்கிப் போகும் பொருள். பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் அது போகத்தான் போகும்.

வார்த்தை ஏன் புரியவில்லை?

ஆக, சில வருஷங்களாகவே அப்பா பின் ஸ்பீக்கர்களை மட்டும்தான் கேட்டு வந்திருக்கிறார். பேச்சில் சத்தத்தைச் சுமப்பவை உயிரெழுத்துகள். அவற்றின் பலம் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுபவை ச, ஸ, ஃப போன்ற மெய்யொலிகள். அவை 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே பலம் கொண்டவை. கீழ் ஒலி வளைந்து நெளிந்து எங்கும் போகும். மேல் ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, நேரே போகும், குறுக்கே சீட்டும் துணியும் வந்தால் அடங்கிவிடும். பின்னாலிருந்து சீட்டுகளைத் தாண்டி டிரைவருக்கு வந்து சேர்ந்தது வார்த்தை இல்லாத பாட்டு.

அப்பாவின் காது எந்த இடத்தில் லேசாகக் குறைந்திருந்ததோ, அதே இடத்தில்தான் காரும் கைவிட்டிருந்தது. வால்யூமைக் கூட்டினால் எல்லாமே கூடும், இல்லாத ஒலி மட்டும் வராது. அவர் சொன்னது அட்சர சுத்தமாக உண்மை: பாட்டு கேட்டது, வார்த்தை புரியவில்லை. நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாற்றுவதா, சரி செய்வதா?

ஒரு கடையில் காட்டினேன். "இதெல்லாம் தூக்கிப் போடுங்க சார். டச் ஸ்க்ரீன் போட்டுடலாம். பழைய சாக்கெட்டை வெட்டிட்டு நேரா முறுக்கி டேப் ஒட்டிட்டா பத்து நிமிஷ வேலை" என்றார். அப்பா மறுத்துவிட்டார். இந்த செட்டின் திருகை அவர் ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கையாலேயே திருப்புவார். கேசட் பெல்ட் எப்போதோ உருகித் தார் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவருக்கு வேண்டியது எஃப்.எம்., அது நன்றாகவே இருந்தது. அதனால் செட்டைத் தொடவில்லை.

உங்கள் செட் நிஜமாகவே போயிருந்தால் மாற்றலாம். ஒற்றை அளவு செட்டின் முகம் ஏறக்குறைய 180க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை அளவு 180க்கு 100. அந்த அளவில் எந்தக் கம்பெனி செட்டும் உட்காரும். ஆனால் சாக்கெட்டை வெட்ட விடாதீர்கள். உங்கள் கார் மாடலுக்கான அடாப்டர் வயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு முனை காரின் சாக்கெட்டில், மறுமுனை புது செட்டில். முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு நம் ஊர் வெயிலில் பசை இளகிப் பிரியும், வயர் பாடியில் படும். அதுவும் ஃபியூஸ் இல்லாத இடத்தில் என்றால் தீப்பிடிக்கவே வாய்ப்பு உண்டு.

புது செட்டோடு வரும் வயர்களில் மஞ்சள் என்பது எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த். காருக்குள் இருக்கும் வயர்களுக்கு இந்த நிறக் கணக்கு பொருந்த வேண்டியதில்லை, மீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டியை அணைக்கும் ஒவ்வொரு தடவையும் செட் ஸ்டேஷன்களை மறந்துவிட்டால், மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, ஸ்பீக்கரின் மைனஸ் வயரை எர்த் என்று நினைத்துப் பாடியில் இணைக்காதீர்கள். இன்றைய செட்களில் பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளையும் ஆம்ப்ளிஃபயரே எதிரெதிராக இயக்குகிறது. மைனஸைப் பாடியில் தொட்டால் உள்ளே இருக்கும் சிப் போக வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, அட்டையில் அச்சிட்ட "50 வாட் x 4". கணக்குப் போடுவோம். வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதறாமல் கொடுக்க முடிந்த உச்சம் 26 வாட், நடைமுறையில் 20 பக்கம். நாலு ஸ்பீக்கருக்கு 200 வாட் தொடர்ந்து வேண்டுமென்றால் குறைந்தது 14 ஆம்பியர் இழுக்க வேண்டும். செட்டின் முதுகில் இருக்கும் ஃபியூஸ் பல சமயம் 10 ஆம்பியர்தான். அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டை விட்டுவிட்டு சென்சிடிவிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

நான் முன் கதவுகளுக்கு, நடுவில் சின்ன ட்வீட்டர் வைத்த ஒரு ஜோடி வாங்கினேன். திருகுவதற்கு முன் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்தேன். இடது கதவின் வயரைப் புதிதாக இழுத்து சால்டர் செய்தேன். மொத்தச் செலவு மூவாயிரத்துக்குள்.

மறுநாள் காலை அப்பா சாவியைத் திருப்பியதும் செட் பழைய ஞாபகத்தில் 28-ல் அலறியது. அவசரமாகக் கையை நீட்டி 14-க்கு இறக்கினார். வைகைப் பாலம் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்பவே சொன்னேன்ல" என்றார். அடுத்த வருஷம் காதை மறுபடியும் பரிசோதிக்க வேண்டும், அது பாட்டுக்கு அது. நான் பதில் சொல்லவில்லை, பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.