பணமும் பண்டமும் – 9: மீட்சியோடு வந்த விலையேற்றம்

மந்தநிலையில் விலைகள் தணிந்து கிடப்பதன் காரணங்கள் சென்ற வாரம் விளக்கப்பட்டன. மந்தநிலை நீங்கித் தொழில்கள் மீண்டெழும்போது விலைகள் ஏன் பாய்ந்தேறுகின்றன என்பதற்குக் கொரோனாவுக்குப் பிந்தைய அமெரிக்கா தெளிவான சான்று. 2020 ஏப்ரலில் அங்கு வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஈராண்டுகளில் அது 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்ட நிலையில், குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் பொருள்கள், சேவைகளின் விலைகளைத் தொகுத்துக் காட்டும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2022 ஜூனில் முந்தைய ஆண்டைவிட 9.1 விழுக்காடு உயர்ந்து, நாற்பது ஆண்டுகளில் காணாத உச்சத்தைத் தொட்டது.

ஏற்றத்தின் முதல் சில மாதங்களில் ஒரு பங்கு வெறும் கணக்கின் விளைவே. ஊரடங்கில் சரிந்த விலைகளோடு ஒப்பிட்டதால் 2021இன் உயர்வு மிகையாகத் தெரிந்தது. இதனை அடித்தள விளைவு என்பர்.

மெய்யான காரணம், தேவை திரும்பிய வேகத்தில் உற்பத்தி திரும்பாததுதான். 2020 மார்ச்சில் ஏறத்தாழ 2.2 லட்சம் கோடி டாலர், 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் என அரசு நிவாரணங்களை அறிவித்தது. அவற்றில் ஒரு பகுதி நேரடியாக மக்களின் வங்கிக் கணக்குகளில் சேர்ந்தது. மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்ஜியத்தை ஒட்டியே வைத்திருந்தது. உணவகமும் சுற்றுலாவும் முடங்கிக் கிடந்ததால், அந்தப் பணம் மரச்சாமான், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று பொருள்களின் பக்கமே திரும்பியது.

வாகனச் சந்தையில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2020இல் ஆலைகளை மூடிய கார் நிறுவனங்கள் சிப்புகளுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை ரத்து செய்தன. சிப் தயாரிப்பாளர்கள் அந்தத் திறனைக் கணினிகளுக்கும் பிற மின்னணுச் சாதனங்களுக்கும் ஒதுக்கிவிட்டனர். எதிர்பார்த்ததைவிட விரைவாக வாங்குவோர் திரும்பியபோது, கார் நிறுவனங்கள் வரிசையின் கடைசியில் நிற்க நேர்ந்தது. ஒரு சிப் உருவாக மாதங்களும், புதிய சிப் ஆலை எழ ஆண்டுகளும் பிடிக்கும். இதற்கிடையே, பொதுமுடக்கத்தில் தம் வண்டிகளை விற்றுத் தீர்த்திருந்த வாடகைக் கார் நிறுவனங்கள், புதிய கார் கிடைக்காமல் பழைய கார்களுக்கே போட்டியிட்டன. பழைய காரைத் தயாரிக்கும் ஆலை எங்கும் கிடையாது. ஆகவே 2021 ஜூனில் அவற்றின் விலை முந்தைய ஆண்டைவிட 45 விழுக்காடு உயர்ந்திருந்தது.

துறைமுகங்களிலும் இதே நெருக்கடிதான். 2022 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்காக நூறுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் காத்திருந்தன. பிப்ரவரியில் மூண்ட உக்ரைன் போர் எண்ணெய் விலையை ஏற்றியது.

நிவாரணம் அளவுக்கு மிஞ்சியது என்று முன்னாள் நிதியமைச்சர் லாரன்ஸ் சம்மர்ஸ் 2021 தொடக்கத்திலேயே எச்சரித்தது முற்றிலும் தவறன்று. எனினும் பொருளியலாளர்கள் பென் பெர்னாங்கியும் ஒலிவியே பிளான்ஷாரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்க ஏற்றத்தின் பெரும்பகுதியை எரிபொருள், உணவு, தட்டுப்பாடு ஆகியவற்றின் கணக்கிலேயே வைக்கிறது. ஆள்பற்றாக்குறையால் உயர்ந்த கூலியின் பங்கு முதலில் சிறிதாயினும் எளிதில் விலகாதது என்றும் அது காட்டுகிறது. விலையேற்றம் தற்காலிகமானது என்று நம்பி 2022 மார்ச் வரை வட்டியை உயர்த்தாதிருந்த ஃபெடரல் ரிசர்வின் தாமதம், கூலி உயர்வால் விலையேற்றம் நீடித்த இரண்டாம் கட்டத்துக்கு இடமளித்தது என்றே கருத வேண்டும்.

2023 ஜூனில் பணவீக்கம் 3 விழுக்காடாக இறங்கியது. பணவீக்கம் என்பது விலை உயரும் வேகம் மட்டுமே என்பதால், பொதுவான விலைமட்டம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

(தொடரும்)