எந்த நீரில் எத்தனை மடங்கு?

செராஸ் மினி மார்க்கெட்டில் வாங்கிய பேம்பர்ஸ் ஒன்றைக் கிழித்து உதறினால், பஞ்சுக்கிடையிலிருந்து சீனி போன்ற வெள்ளைக் குருணை உதிரும். பெரும்பாலும் அது சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற மீயுறிஞ்சு பாலிமர். தூய நீரில் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு உறிஞ்சும். மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் 0.9 விழுக்காட்டு சலைனில் 30 முதல் 60 மடங்கோடு நின்றுவிடும்.

காரணம் உப்பு. பாலிமர் இழைகளில் எதிர்மின் சுமைகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. அவற்றை விட்டுப் போக முடியாத சோடியம் அயனிகள் உள்ளேயே அடைபட்டிருக்கின்றன. உள்ளே செறிவு மிகுதி என்பதால் சவ்வூடுபரவல் அழுத்தம் நீரை இழுக்கிறது. இழைகளைக் குறுக்கே பிணைத்திருப்பதால் குருணை கரையாமல் உப்புகிறது. வெளிநீரிலும் உப்பு இருந்தால் செறிவு வேறுபாடு குறையும்; இழைகள் ஒன்றையொன்று தள்ளும் விசையும் தணியும். கால்சியம் இன்னும் மோசம்: இரட்டைச் சுமை கொண்ட அந்த அயனி இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்து, வலையையே இறுக்கிவிடும்.

அளக்கும் முறை எளிது. 0.2 கிராம் குருணையைத் தேயிலைப் பை போன்ற நெய்யாத துணிப்பையில் இட்டு ஒட்டி, லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த நீரில் 30 நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு 10 நிமிடம் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். துணியும் நீர் பிடிக்குமே! அதனால் ஒரு வெறும் பையையும் உடன் ஊறவைத்து, அதன் எடையைக் கழிப்பார்கள். நிறைந்த பை 11.2 கிராம், வெறும் பை 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 10.2, உலர்ந்த குருணையின் 0.2 போக 10 கிராம் நீர். அதாவது 50 மடங்கு.

தொங்கவிட்டால் குருணைகளுக்கிடையே சிக்கிய நீர் முழுவதும் வடியாது. ஆகவே மற்றொரு சோதனையில், புவியீர்ப்பைப் போல் 250 மடங்கு விசையில் மூன்று நிமிடம் சுழற்றி, பிடித்துவைத்திருக்கும் அளவை மட்டும் எடுக்கிறார்கள். குழந்தை உட்காரும்போது பேம்பர்ஸ் அழுந்துமே. அதற்காக எடை ஏற்றி உறிஞ்சவைக்கும் சோதனையும் உண்டு.

மண்ணில் ஈரம் காக்கவும் இத்தகைய உறிஞ்சிகள் உண்டு. புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வறண்ட நிலங்களுக்காக உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல், தூய நீரில் குறைந்தது 350 மடங்கு உறிஞ்சும் என்பார்கள். உரம் கரைந்த மண்ணீரில் அந்த எண் நிற்காது. பூச்சட்டிக்கு இத்தகைய குருணை வாங்குவோர், உறையிலுள்ள மடங்கு எந்த நீரில் அளந்தது என்று முதலில் பாருங்கள். உரக்கரைசல் ஊற்றும் சட்டியென்றால் அதே கரைசலில் ஒரு சிட்டிகையை ஊறவைத்து எடை பார்த்துவிடுங்கள்.